தைலமரம் என்று ஒரே மரம் இல்லை: சிட்னிக் காடுகளில் யூகலிப்டஸ் வகைகளைப் பிரித்தறிய

நான் வளர்ந்தது புதுக்கோட்டைப் பக்கம். அங்கே தைலமரம் என்றால் ஒரே மரம்தான். கோடு பிடித்தாற்போல் வரிசையாக நட்டிருப்பார்கள். கொஞ்சம் பருத்ததும் வெட்டிக் காகிதக் கூழுக்கு லாரியில் ஏற்றிவிடுவார்கள். சளிக்குத் தேய்க்கும் நீலகிரித் தைலம் அந்த மரத்திலிருந்து வருவதில்லை, அது வேறொரு தைலமரம் என்பதுகூட எனக்குத் தெரியாது. சிட்னியின் மேற்குப் புறநகருக்குக் குடிவந்த புதிதில், வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கரையில் நின்ற மரங்களையெல்லாம் அந்த ஒரே பெயரால்தான் சொன்னேன். அந்தக் கரையில் நான்கு வகை நிற்கின்றன என்று பிரித்துப் பார்க்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்ற வரிசை தெரிந்திருந்தால் இரண்டு மாதத்தில் முடிந்திருக்கும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யூகலிப்டஸ் கூட்டத்தில் 800க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. நியூகினி, திமோர், பிலிப்பைன்ஸ் பக்கம் வளரும் சிலவற்றைத் தவிர மற்றவை எல்லாமே ஆஸ்திரேலியாவின் சொந்த மரங்கள். இவற்றைத் தாவரவியலார் யூகலிப்டஸ், கொரிம்பியா, அங்கோஃபோரா என்று மூன்று பேரினங்களாகப் பிரிக்கிறார்கள். கொரிம்பியாவைத் தனியாகப் பிரித்தது 1995இல்தான். அதற்கு முந்தைய புத்தகம் கையில் இருந்தால் அந்த மரங்களும் யூகலிப்டஸ் என்றே இருக்கும், குழம்ப வேண்டாம்.

800 என்றதும் மலைக்க வேண்டியதில்லை. நீங்கள் நிற்கும் ஒரு காட்டுத்துண்டில் இயல்பாக வளர்வது பெரும்பாலும் பத்து வகைக்குள் அடங்கிவிடும். அந்தப் பத்தைப் படித்தால் போதும். ஆஸ்திரேலியா முழுவதற்குமான புத்தகத்தை எடுத்துக்கொண்டு முதல் நாளே காட்டுக்குப் போகிறவர்கள்தான் சீக்கிரம் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

எங்கே தொடங்குவது

தெருவில் தொடங்காதீர்கள். தெருவோரத்திலும் பூங்காவிலும் கார் நிறுத்துமிடத்திலும் நிற்பவை ஆஸ்திரேலிய மரங்களாக இருக்கலாம், ஆனால் அந்த மண்ணின் மரங்கள் என்று சொல்ல முடியாது. எலுமிச்சை வாசம் வீசும் வழவழப்பான லெமன் சென்ட்டட் கம் குயின்ஸ்லாந்திலிருந்து வந்தது. கொத்துக்கொத்தாகச் சிவப்புப் பூ பூக்கும் கொரிம்பியா ஃபிசிஃபோலியா கண்டத்தின் மறுகோடியில், மேற்கு ஆஸ்திரேலியாவில், பிறந்தது. இவற்றை வைத்துப் பழகினால், உள்ளூர் மரப் பட்டியலில் தேடித் தேடிக் கிடைக்காமல் ஏமாந்துபோவீர்கள்.

இயல்பாக வளர்ந்த காட்டுத்துண்டு எப்படி இருக்கும்? மரங்கள் ஒரே வயதில் இருக்காது. பொந்து விழுந்த கிழமரம், பட்டுப்போய் நிற்கும் கட்டை, இடுப்பளவுக் கன்று எல்லாம் கலந்திருக்கும். அடியில் புல்லும் புதரும் தானாக முளைத்திருக்கும். மேற்கு சிட்னியில் ப்ராஸ்பெக்ட் இயற்கைக் காப்பகம், வடமேற்கே ஸ்கைவில் (Scheyville) தேசியப் பூங்கா இரண்டும் இதற்கு நல்ல இடங்கள்.

ஆனால் முதல் நடைக்கு நான் சொல்வது மவுண்ட் அன்னன் தாவரவியல் பூங்கா. அங்கே பல மரங்களில் பெயர்ப் பலகை உண்டு, கூடவே பழைய காட்டின் மிச்சமும் உண்டு. பலகையைக் கடைசியில் படியுங்கள். கீழே சொல்லும் வரிசையில் மரத்தைப் பார்த்து, குறித்துக்கொண்டு, ஒரு பெயரை ஊகித்த பிறகு பலகையிடம் போங்கள். பலகையை முதலில் படித்தால் கண் வேலை செய்வதை நிறுத்திவிடும்.

இது யூகலிப்டஸ்தானா?

விழுந்து கிடக்கும் பச்சை இலை ஒன்றைக் கசக்கி முகருங்கள். தைல வாசம் வந்தால் பாதி உறுதி. இன்னொரு இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் ஒளிப்புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். இந்த ஊர் வேல மரங்கள் பலவற்றின் இலை பார்வைக்கு யூகலிப்டஸ் மாதிரியே வாள்போல் வளைந்திருக்கும், ஆனால் இந்தப் புள்ளியும் இருக்காது, வாசமும் வராது.

மீதிப் பாதியை மொட்டு சொல்லிவிடும். யூகலிப்டஸ் மொட்டு ஒரு குங்குமச் சிமிழ். கீழே கிண்ணம், மேலே மூடி. பூக்கும் நேரம் வந்ததும் மூடி அப்படியே கழன்று விழ, உள்ளே மடிந்திருந்த நூற்றுக்கணக்கான மகரந்த இழைகள் விரியும். பூவாக நாம் பார்ப்பது இதழ்களை அல்ல, அந்த இழைகளைத்தான். நாவல் பூவைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நாவலும் கொய்யாவும் கிராம்பும் யூகலிப்டஸும் ஒரே தாவரக் குடும்பம். 'நன்றாக மூடப்பட்டது' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களை வைத்துத்தான் லெரித்தியே என்ற பிரெஞ்சுத் தாவரவியலார் இந்தப் பெயரையே சூட்டினார். அவர் கையில் இருந்தது, 1777இல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் மூன்றாம் பயணத்தின்போது டாஸ்மேனியாவை ஒட்டிய ப்ரூனி தீவில் எடுத்த ஒரு காய்ந்த கிளை.

அங்கோஃபோராவுக்கு மட்டும் இந்த மூடி கிடையாது. சின்னச் சின்ன வெள்ளை இதழ்கள் இருக்கும், காயின் விளிம்பில் பல் மாதிரி நீட்டல்கள் இருக்கும். மூடி இல்லையே என்று அதை ஒதுக்கிவிட வேண்டாம்.

நான் ரொம்ப நாள் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்த மரம் ஒன்று உண்டு. டர்ப்பன்டைன் என்பார்கள். நார் நாரான பட்டை, நல்ல உயரம். பட்டையை மட்டும் பார்த்து யூகலிப்டஸ் என்றே எழுதிவைத்தேன். காயைக் கையில் எடுத்த அன்றுதான் புரிந்தது. பல காய்கள் ஒன்றோடொன்று ஒட்டி முள்ளு முள்ளாக ஒரே உருண்டை ஆகியிருந்தது. இலையின் அடிப்பக்கமும் வெளுப்பு. யூகலிப்டஸ் காய்கள் பெரும்பாலும் தனித்தனியாகவே இருக்கும்.

பட்டை: தூரத்திலிருந்தே பாதிப் பதில்

இலையைப் பார்த்து வகை சொல்ல முயல்வதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. யூகலிப்டஸில் அது ஆகவே ஆகாது. பத்து இனத்தின் இலையைக் கலந்து வைத்தால் பழகியவர்களே திணறுவார்கள். பட்டையில் தொடங்குங்கள்.

முதல் கேள்வி இது: சொரசொரப்பு எந்த உயரம் வரை போகிறது? அடியிலிருந்து நுனிக்கிளை வரை அண்ணாந்து பாருங்கள். முழுக்க வழவழப்பா, அடியில் முழங்கால் அளவுக்கு மட்டும் சொரசொரப்பா, பாதி மரம் வரையா, சின்னக் கிளை வரையிலுமா? இந்த ஒரு பதிலை எழுதினாலே பட்டியல் பாதியாகிவிடும். இதற்கு அப்புறம்தான் அது எப்படிப்பட்ட சொரசொரப்பு என்ற கேள்வி.

வருடா வருடம் பட்டையை உரித்துவிட்டு வழவழப்பாக நிற்பவற்றைப் பொதுவாகக் 'கம்' என்பார்கள். பட்டையை உதிர்க்காமல் சேர்த்துக்கொண்டே போகிறவை பலவிதம். அயர்ன்பார்க் பட்டை கருத்து, இரும்பாய் இறுகி, உழுத நிலத்துச் சால்போல் ஆழமாகப் பிளந்திருக்கும். கினோ என்கிற செம்பிசின் ஊறி இறுகுவதால் வரும் கடினம் அது. கையால் தட்டினால் கல்லைத் தட்டுவதுபோல் இருக்கும். ஸ்ட்ரிங்கிபார்க் இதற்கு நேர் எதிர்; தேங்காய் நார்போல நீள நீளமாகக் கையோடு உரிந்து வரும். பாக்ஸ் வகைப் பட்டை சாம்பல் நிறம், மெல்லிய நார், வலை பின்னியதுபோல் நுணுக்கமான வெடிப்பு. பெப்பர்மின்ட் வகைப் பட்டையும் கிட்டத்தட்ட அதுபோலத்தான், இலை வாசத்தை வைத்துத்தான் சுலபமாகப் பிரிக்கலாம். 1788இல் ஆங்கிலேயக் குடியேறிகளின் முதல் கப்பல் கூட்டத்தோடு வந்த மருத்துவர் ஜான் வைட், சிட்னி பெப்பர்மின்ட் இலையில் எண்ணெய் வடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். இந்த நாட்டுத் தைலத்தின் கதை அந்த மரத்தில்தான் தொடங்குகிறது. பிளட்வுட் மரங்களின் பட்டை சின்னச் சின்னச் சதுரச் சில்லுகளாக வெடித்திருக்கும், முதலையின் முதுகு மாதிரி. காயம் பட்ட இடத்தில் ரத்தம்போல் பிசின் வடிந்து உறைந்திருப்பதையும் பார்க்கலாம்.

வழவழப்பான மரங்களில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்க்ரிப்ளி கம், நான் வீட்டில் சொல்வது கிறுக்கல் மரம். வெளிர்ந்த தண்டில், சின்னப் பிள்ளை பென்சிலால் கிறுக்கியதுபோல் கோணல் மாணலாகக் கோடுகள் ஓடும். ஓக்மோக்ராப்டிஸ் என்னும் குட்டி அந்துப்பூச்சியின் புழு, பழைய பட்டைக்கும் புதுப் பட்டைக்கும் நடுவே குடைந்து தின்றுகொண்டே போன பாதை அது. புழு போன பிறகு பழைய பட்டை உதிரும்போதுதான் கோடு வெளியே தெரிகிறது. முதன்முதலில் பார்த்தபோது யாரோ கத்தியால் கீறியிருக்கிறார்கள் என்று நினைத்து எனக்குக் கோபம் வந்தது. ஒரு எச்சரிக்கை: பிளாக்பட் மரத்தின் வழவழப்பான மேல்பகுதியிலும் இதே கிறுக்கல் வரும். கிறுக்கலைப் பார்த்ததும் பெயரை எழுதிவிடாதீர்கள், அடிமரத்தையும் பாருங்கள். பிளாக்பட்டுக்குப் பாதி உயரம் வரை நார்ப்பட்டை இருக்கும்.

பட்டை ஏமாற்றும் நேரங்களும் உண்டு. காட்டுத்தீ போன இடத்தில் எல்லா அடிமரமும் கருப்பாகத்தான் இருக்கும், அயர்ன்பார்க் என்று நினைத்துவிடக் கூடாது. மழையில் நனைந்தால் நிறம் மாறும். பட்டை உரித்த புதிதில் ஆரஞ்சோ வெண்ணெய் நிறமோ காட்டும் தண்டு, சில மாதத்தில் சாம்பலாகிவிடும். அதனால் நிறத்தைவிட அமைப்பை நம்புங்கள்.

மொட்டும் காயும்: இங்கேதான் உட்கார வேண்டும்

பட்டை கூட்டத்தைச் சொல்லும். ஆளைச் சொல்வது மொட்டும் காயும்தான். நல்ல வேளையாக, இரண்டையும் வருடம் முழுக்க மரத்தடியில் பொறுக்கலாம். ஒரு நடையில் பாதி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

முதலில் எண்ணுங்கள். ஒரு காம்பின் நுனியில் கொத்துக்கு எத்தனை மொட்டு? ஊட்டியில் நாம் பார்க்கும் நீல கம், அதாவது குளோபுலஸ், பெரும்பாலும் ஒற்றை மொட்டுதான். தெற்கு மேட்டுப்பகுதியில் வளரும் மன்னா கம்முக்கு மூன்று, சிலுவைபோல் நிற்கும். நிறைய இனங்களுக்கு ஏழு. சிலவற்றுக்குப் பதினொன்றைத் தாண்டும். ஒரே ஒரு கொத்தை எண்ணிவிட்டு முடிவு செய்யக் கூடாது. மொட்டு உதிர்ந்திருக்கும். ஐந்தாறு கொத்தை எண்ணி, உதிர்ந்த இடத்துத் தழும்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மூடியின் உருவம். அது கிண்ணத்தைவிட நீளமா, குட்டையா? நுனி மழுங்கலா, கூர்மையா? புதுக்கோட்டையில் பார்த்த மரத்தை நான் இந்த மூடியை வைத்துத்தான் சிட்னியில் உறுதி செய்தேன். ஃபாரஸ்ட் ரெட் கம், யூகலிப்டஸ் டெரிடிகார்னிஸ். 'உருண்ட கொம்பு' என்பதுதான் பெயரின் பொருள். மூடி மாட்டுக்கன்றின் கொம்புபோல நீண்டு, கிண்ணத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். நம் சமவெளியில் 'மைசூர் கம்' என்று நட்டுப் பரப்பியது பெரும்பாலும் இந்த இனத்தின் வழிவந்ததே. பின்னாளில் அதிகமாக நட்டது ரிவர் ரெட் கம், யூகலிப்டஸ் கமால்டுலென்சிஸ். அதன் மூடி கிளி மூக்குபோல் குறுகலான அலகில் முடியும். ஊருக்குப் போகும்போது நம் தைலங்காட்டில் பொறுக்கிப் பாருங்கள், எது எதுவென்று அங்கேயே சொல்லிவிடலாம்.

காய்க்கு வருவோம். இங்குள்ளவர்கள் 'கம்நட்' என்பார்கள். பம்பரம், கிண்ணம், பீப்பாய், குடம் என்று உருவம் வேறுபடும். கழுத்து சிறுத்த குடம்போல் பெரிதாக இருந்தால் கொரிம்பியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். சிவப்பு பிளட்வுட் காய் கையில் கனமாகவே தெரியும். காயின் வாயை மேலே திருப்பி, விதை வெளியேறும் பிளவுகளைப் பாருங்கள். இதழ்கள்போன்ற இந்தக் கதவுகள் வழக்கமாக மூன்றிலிருந்து ஐந்து. அவை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா, உள்ளே பதுங்கியிருக்கின்றனவா? டெரிடிகார்னிஸ் காயில் நான்கு கதவும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பாக்ஸ் மரங்களில் உள்ளேயே இருக்கும். ஹேமஸ்டோமா என்ற ஸ்க்ரிப்ளி கம் காய்க்கு வாயைச் சுற்றி அகலமாகச் செம்பழுப்பு வளையம் இருக்கும். அந்தப் பெயருக்கே 'ரத்தச் சிவப்பு வாய்' என்றுதான் பொருள். வெற்றிலை போட்ட வாய் என்று நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். காட்டில் கிளைகள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்திருக்கும். நீங்கள் பொறுக்கிய காய் பக்கத்து மரத்துடையதாக இருக்கலாம். தொலைநோக்கி இருந்தால் மேலே பார்த்து அதே காய் இந்த மரத்தில் தொங்குகிறதா என்று சரிபாருங்கள். இல்லையென்றால், ஒரே வகைக் காய் ஏராளமாகக் கிடக்கும் இடத்தை மட்டும் நம்புங்கள்.

இலையைக் கடைசியில் பாருங்கள்

யூகலிப்டஸ் மரத்துக்கு இரண்டு இலைப் பருவம் உண்டு. ஊட்டிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: சாம்பல் பூசியதுபோல் நீலம் பாய்ந்த வட்டமான இலை, காம்பே இல்லாமல் எதிரெதிராக, சதுரமான தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் கன்று, பக்கத்திலேயே அரிவாள்போல் நீண்டு தொங்கும் பச்சை இலையோடு பெரிய மரம். இரண்டும் அதே குளோபுலஸ்தான். 1843இல் நீலகிரிக்கு விறகுக்காகக் கொண்டுவந்த மரம் அது, சொந்த ஊர் டாஸ்மேனியாவும் விக்டோரியாவின் தென்பகுதியும்.

பெரிய மரங்களின் இலை ஒன்றுபோல் இருந்தாலும் கன்று இலை இனத்துக்கு இனம் வெகுவாக மாறும். அதைத் தேடுவதற்கு அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. அடிமரத்திலிருந்து வெடிக்கும் தளிர், வெட்டுப்பட்ட இடத்துத் தளிர், தீக்குப் பிறகு தண்டு நெடுக முளைத்த தளிர், சுற்றிலும் முளைத்த கன்று, இவற்றில் பாருங்கள். மேற்கு சிட்னியில் டெரிடிகார்னிஸுக்கு ஒரு பங்காளி உண்டு, கேபேஜ் கம் என்னும் ஆம்ப்ளிஃபோலியா. பட்டையும் அப்படியே, கொம்பு மூடியும் அப்படியே. அதன் மொட்டுக் கொத்து இருபது வரை போகும், பள்ளமான ஈர நிலத்தை விரும்பும். அதைவிட நிச்சயமான அடையாளம் கன்று இலைதான்; கையகலத்துக்கு வட்டமாக இருக்கும்.

பெரிய இலையில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இரு பக்கமும் ஒரே நிறமா, மேலே கரும்பச்சை கீழே வெளிர்ப்பா? ஒரே நிற இலைகள் செங்குத்தாகத் தொங்கும். அதனால்தான் அந்த மரத்தடியில் நிழல் மெல்லியதாக இருக்கிறது. இரண்டாவது நரம்பு. கொரிம்பியா இலையில் பக்க நரம்புகள் வாழையிலையில் இருப்பதுபோல் நெருக்கமாக, இணையாக, நடு நரம்பிலிருந்து அகலக் கோணத்தில் ஓடும். அங்கோஃபோராவில் வளர்ந்த மரத்து இலைகூட எதிரெதிராகவே நிற்கும். யூகலிப்டஸில் அது அரிது.

மண்ணைக் கேளுங்கள்

சிட்னியில் மரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காலுக்குக் கீழே இருக்கும் பாறை. மேற்கே, டூங்காபி, வென்ட்வர்த்வில் என்று நம் ஆட்கள் நிறைய வாழும் பகுதியெல்லாம் களிப்பாறை உதிர்ந்த களிமண் சமவெளி, கம்பர்லண்ட் சமவெளி. கடற்கரை ஓரமும் மலைப்பக்கமும் மணற்பாறை. ஒரு மண்ணின் மரம் இன்னொன்றில் எளிதில் இராது.

களிமண் சமவெளியில் மூன்று மரம் தெரிந்தால் போதும், நடக்கத் தொடங்கிவிடலாம். சொரசொரப்பு பாதி வரை, அதற்கு மேல் பளபளவென்று வழவழப்பு, அகலமான மினுங்கும் இலை என்றால் க்ரே பாக்ஸ். மொலுக்கா தீவுகளிலிருந்து வந்தது என்று தவறாக நினைத்து ராக்ஸ்பர்க் என்ற தாவரவியலார் மொலுக்கானா என்று பெயர் வைத்துவிட்டார், அது அப்படியே நிலைத்துவிட்டது. கருத்த சால் பட்டை சின்னக் கிளை வரை போய், ஒல்லியான மங்கல் இலையும் மிளகைவிடச் சற்றே பெரிய காயும் இருந்தால் நேரோ லீவ்ட் அயர்ன்பார்க், க்ரெப்ரா. தண்டு முழுக்கத் திட்டுத் திட்டாக வழவழத்து, மொட்டில் கொம்பு இருந்தால் நம் டெரிடிகார்னிஸ். இந்த மூன்றும் சேர்ந்த காடு ஒரு காலத்தில் சமவெளி முழுக்க இருந்தது. வீடும் வயலும் தின்றது போக மிச்சம் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. அழியும் விளிம்பில் உள்ள காடு என்று அரசே பட்டியலிட்டிருக்கிறது. புது மனைப்பிரிவுக்காக அந்த மரங்களை வெட்டிச் சாய்த்திருப்பதைப் பார்க்கும்போது, பெயர் தெரிந்த பிறகு வலி கூடத்தான் செய்கிறது.

மணற்பாறைக்கு ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போகும் நாளைப் பயன்படுத்திக்கொள்ளலாம். தரிசனம் முடிந்து திரும்பும் வழியில் ராயல் தேசியப் பூங்காவில் ஒரு மணி நேரம் நடந்தால் கிறுக்கல் மரம், சிவப்பு பிளட்வுட், அங்கோஃபோரா கோஸ்டாட்டா மூன்றும் பாதையோரத்திலேயே கிடைக்கும். வட சிட்னியின் மழை கூடிய களிமண் மேட்டில் வேறொரு உலகம்: அடியில் மட்டும் சொரசொரப்பான பாவாடை கட்டி, மேலே நீலச்சாம்பலாக வானளவு எழும் சிட்னி ப்ளூ கம், சலிக்னா. செயின்ட் ஐவ்ஸ் பக்கம் டால்ரிம்பிள்-ஹே காப்பகத்தில் பார்க்கலாம். இன்னும் பழகிய பிறகு சிட்னிக்கு மேற்கே உள்ள நீலமலைக்கு (Blue Mountains) போங்கள். யூகலிப்டஸ் வகைகளின் செழிப்பும் ஒரு காரணமாகத்தான் 2000இல் அது உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

இங்கே வழங்கு பெயர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'ப்ளூ கம்' என்றால் டாஸ்மேனியாவில் ஒரு மரம், சிட்னியில் வேறு மரம். 'சிட்னி ரெட் கம்' என்பது அங்கோஃபோரா. அதனால் குறிப்பேட்டில் அறிவியல் பெயரையே எழுதுங்கள், தமிழ் எழுத்தில் எழுதினாலும் சரி.

கையில் என்ன வேண்டும், எதைச் செய்யக் கூடாது

பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன உருப்பெருக்கி, தொலைநோக்கி, பென்சில், குறிப்பேடு, போன். ஒவ்வொரு மரத்துக்கும் ஐந்து படம் எடுங்கள்: முழு மரம், அடிப்பட்டை, மேல்தண்டு, அளவுகோலோடு மொட்டும் காயும், இலையின் இரு பக்கம். யூக்ளிட் என்ற இலவச இணையக் கருவி இந்த விவரங்களைக் கேட்டுக் கேட்டே இனத்தைக் குறுக்கிக்கொண்டு வரும். நியூ சவுத் வேல்ஸ் தாவரங்களுக்கு ப்ளான்ட்நெட் உண்டு. படத்தை ஐநேச்சுரலிஸ்ட்டில் போட்டால் தெரிந்தவர்கள் திருத்துவார்கள். தானாகப் பெயர் சொல்லும் செயலி இலைப் படத்தை மட்டும் பார்த்துச் சொல்வதை நம்பாதீர்கள். காய்ப் படம் இல்லாமல் அதனாலும் முடியாது.

தேசியப் பூங்காவிலும் காப்பகத்திலும் செடி கொடியைப் பறிக்கவோ எடுத்துப்போகவோ கூடாது. காயைப் பார்த்து, படமெடுத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். காற்றடிக்கும் நாளிலும், அசைவே இல்லாத கடும் வெயில் நாளிலும் பெரிய யூகலிப்டஸ் மரத்தடியில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம். நல்ல பச்சைக் கிளையே சொல்லாமல் கொள்ளாமல் முறிந்து விழும். கோடையில் கிளம்புமுன் தீத்தடை அறிவிப்பைப் பாருங்கள். மூடிய காலணி, நீளக் கால்சட்டை அவசியம். பாம்பும் உண்ணியும் உண்டு. விழுந்த கட்டையை வெறுங்கையால் புரட்டாதீர்கள்.

எல்லாம் பார்த்தும் பெயர் வராத மரம் கட்டாயம் வரும். நெருங்கிய இனங்கள் கலந்து பிறந்த கலப்பு மரங்கள் காட்டிலேயே உண்டு. ஸ்ட்ரிங்கிபார்க் வகைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது பல வருடப் பழக்கம் உள்ளவர்களுக்கும் கடினம். அந்த இடத்தில் 'ஸ்ட்ரிங்கிபார்க், இனம் தெரியவில்லை' என்று எழுதி, தேதி போட்டு வையுங்கள். தப்பான பெயரை எழுதினால் அடுத்த முறை அந்தப் பெயரையே கண் தேடும். பூக்கும் மாதத்தில் அதே மரத்துக்குத் திரும்பிப் போங்கள்.

எப்போது தொடங்கலாம் என்றால், நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ. ராயல் தேசியப் பூங்காவில் அங்கோஃபோரா கோஸ்டாட்டா பட்டை உரிக்கும் காலம் அது. பாறைமேல் வழிந்து உறைந்ததுபோன்ற அடிமரம், புதிதாய் வெளிவந்த ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் கலந்த தோல், அதில் கட்டைவிரல் பதித்தது மாதிரி குழிகள், அடியில் குவியலாகப் பட்டைச் சில்லுகள். எதிரெதிர் இலையைப் பாருங்கள், பல் வைத்த காயைத் தேடுங்கள், மொட்டில் மூடி இல்லை என்று உறுதி செய்யுங்கள். குறிப்பேட்டின் முதல் பக்கத்துக்கு அந்த மரம் போதும்.